பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் தள்ளுவது?

"என் போன் கெட்டுவிட்டது, தம்பி. மணி அடிக்கிறது, எடுக்க முடியவில்லை."

2025 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை வாங்கி அம்மா என்னிடம் சொன்னார். அவர் திருச்சியில், நான் சென்னையில். முதல் நாள் இரவு 9 மணிக்குக்கூட அவருடைய போனில்தான் பேசினோம். கீழே போட்டாயா, தண்ணீர் பட்டதா, எதிர்வீட்டுப் பையன் வாங்கி விளையாடினானா என்று போலீஸ்காரனைப் போல விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. "நீ எதையோ அழுத்தியிருப்பாய் அம்மா" என்றேன்.

அவர் எதையும் அழுத்தவில்லை. சிறிது நேரத்தில் என் போனுக்கே ஓர் அழைப்பு வந்தபோது விஷயம் புரிந்தது. போன் செயலியைப் புதுப்பிக்கிறோம் என்று கூகுள்காரர்கள் இரவோடு இரவாக அழைப்புத் திரையையே மாற்றி வைத்திருந்தார்கள். நேற்றுவரை பச்சை வட்டத்தை மேலே தள்ளினால் பேசலாம். இன்று வலப்பக்கம் தள்ள வேண்டும். அம்மா பாவம், காலையிலிருந்து மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். தனித்தனியாக இருந்த பிடித்தமானவர்கள் பட்டியலையும் வந்த அழைப்புகளின் பட்டியலையும் வேறு ஒன்றாகக் கலந்து 'முகப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாற்றட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று எங்கள் அலுவலகத்தில் முப்பது வயதுக்காரர்களே 'உன் போனிலும் இப்படியா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது அரைநாள் வேடிக்கை. தனியாக இருக்கும் 74 வயதுப் பெண்மணிக்கு, வெளியுலகத்தோடு இருந்த ஒரே கதவு தாழ்ப்பாள் மாறி நிற்கிறது.

வயதானவர்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் பதிந்துவிட்டுக் காத்திருந்த டிரங்க் கால் காலத்தில் சேர்ந்தவர். காதில் ஹெட்செட், எதிரே துளை துளையாகப் பலகை, கை நிறைய ஒயர். விளக்கு எரிந்தால் எந்தத் துளையில் எதைச் செருக வேண்டும் என்று யோசிக்காமலே கை போகும். ஆர்டினரி, அர்ஜென்ட், எட்டு மடங்கு கட்டணம் கட்டிய லைட்னிங் கால் என்று வரிசை பார்த்து, மதுரையையும் பம்பாயையும் கோத்துவிட்டவர். இந்தப் பெண்மணிக்குப் பெற்ற மகனின் அழைப்பை எடுக்கத் தெரியவில்லையாம்! தெரிந்துதான் இருந்தது ஐயா. தெரிந்ததைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவர் வேலை பார்த்த காலத்திலும் மாற்றங்கள் வந்தன. பலகை போனது, ஒயர் போனது, கணினி வந்தது. ஒவ்வொரு தடவையும் துறையே பயிற்சிக்கு அனுப்பியது. ஊரில் டெலிபோன் எண்ணோடு ஓர் இலக்கம் கூடினால்கூட முன்கூட்டியே பத்திரிகையில் விளம்பரம் வரும். பழைய எண்ணைச் சுற்றினால் 'எண் மாறிவிட்டது' என்று ஒரு குரல் பொறுமையாகச் சொல்லும். அந்த மரியாதை இப்போது எங்கே போனது? காசு கொடுத்து வாங்கிய பொருள், என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதற்குள் எவனோ ராத்திரி புகுந்து சாமான்களை இடம் மாற்றிவிட்டுப் போகிறான். அதற்குப் பெயர் புதுப்பிப்பாம்.

பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார் வாசற்படியை எதற்குக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுகிறான்?

சரி, பழைய திரைக்கே திரும்பிவிடலாம் என்று முயன்றேன். தொலைவில் இருந்துகொண்டு போனில் போனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் அந்த நரகம் தெரியும். அன்று பக்கத்து வீட்டுப் போன் இருந்ததால் பிழைத்தேன். மற்ற நாட்களில், திரையைப் பார் என்றால் காதிலிருந்து போனை எடுத்துவிடுவார், நான் சொல்வது கேட்காது. என்ன சொன்னாய் என்று கேட்கக் காதில் வைப்பார், திரை அணைந்துவிடும். கன்னம் பட்டு ஒலி அடங்கும். நான் இங்கே 'அம்மா, அம்மா' என்று கத்துவேன், அவர் அங்கே 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அன்று நடந்தது இது. "போன் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்துக்கொள், சின்னதாக ஒரு பெட்டி வரும்." வந்தது. "அதில் செயலித் தகவல் என்று இருக்கும்." இருந்தது. "மேலே மூலையில் மூன்று புள்ளி தெரிகிறதா?" நீண்ட மௌனம். "புள்ளி என்றால் கோலப்புள்ளி மாதிரியா?" ஆமாம் அம்மா, ஒன்றன் கீழ் ஒன்றாக. "தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்." துடைத்ததிலேயே அது திறந்துவிட்டது. "இதில் 'புதுப்பிப்புகளை நிறுவல் நீக்கு' என்று போட்டிருக்கிறதே, நீக்கினால் போனே போய்விடுமா?" பக்கத்து வீட்டுப் பெண் வேறு இடையில் புகுந்து, என் போனில் இப்படி இல்லையே என்றார். அவருடையது வேறு கம்பெனி போன். அதில் எல்லாமே வேறு இடத்தில், வேறு பெயரில்.

அந்தப் பெயர்களைப் பற்றித் தனியாகவே திட்ட வேண்டும். அம்மாவுக்குத் தமிழில்தான் வசதி என்று மொழியை மாற்றிக் கொடுத்தேன். 'விமானப் பயன்முறை' என்பதைப் பார்த்துவிட்டு, நான் எங்கே விமானத்தில் போகப்போகிறேன் என்றார். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஒரு போனில் திரை அமைப்புகளுக்குள் இருக்கிறது, இன்னொன்றில் 'அணுகல்தன்மை' என்ற தலைப்புக்குள் இருக்கிறது. அணுகல்தன்மை! எழுபது வருடம் தமிழ் பேசி, தமிழ் படித்து, தமிழில் சண்டை போட்ட ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'எழுத்துப் பெரிதாக' என்று தேடுகிறார். அப்படி ஒரு சொல் அங்கே கிடையாது.

கும்பகோணத்து மாமா கதை இதைவிட மோசம். போன் நழுவிவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் அதை இறுக்கிப் பிடிப்பவர். ஒரு நாள் ஒலியைக் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் சேர்ந்து 3 வினாடி அமுங்கிவிட்டன. ஏதோ கேட்டதற்குச் சரி என்று வேறு அழுத்தியிருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதி விழித்துக்கொண்டது. பார்வையற்றவர்களுக்கு அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் மாமாவுக்கு என்ன தெரியும்? தொட்டதையெல்லாம் போன் உரக்க வாசிக்கிறது. ஒரு தடவை தொட்டால் பேசுகிறது, இரண்டு தடவை தட்டினால்தான் வேலை செய்கிறது, பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். யாரோ போனுக்குள் நுழைந்துவிட்டார்கள், பென்ஷன் பணம் போகப்போகிறது என்று பயந்து, அதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பீரோவுக்குள்ளிருந்து அது மணி சொல்லிக்கொண்டிருந்ததாம். மறுபடி அதே இரண்டு பொத்தான்களை 3 வினாடி அழுத்தினால் போதும். அது அவருக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

அவர் பயந்ததில் என்ன தவறு? எதையும் தொடாதே, எதற்கும் அனுமதி கொடுக்காதே, பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடு என்று நாமேதான் ஓதி வைத்திருக்கிறோம். அதே வாயால், அந்தப் பெட்டியில் 'அனுமதி' என்று வருகிறதே அதை அழுத்துங்கள் என்றும் சொல்கிறோம். எது நல்ல அனுமதி, எது கெட்ட அனுமதி? இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டிதான், ஒரே நீல எழுத்துதான். ஒரு தடவை வாட்ஸாப் வீடியோ அழைப்பில் அம்மாவின் திரையை எனக்குப் பகிரச் சொன்னேன். உங்கள் திரையில் தெரிவதெல்லாம் வெளியே தெரியும் என்று எச்சரிக்கை வந்ததும் 'ரத்துசெய்' என்பதை அழுத்திவிட்டார். "நீதானே யாருக்கும் திரையைக் காட்டாதே என்றாய்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் செய்ததுதான் சரி.

'எளிய பயன்முறை' போட்டுக் கொடேன் என்று யோசனை சொல்லாதீர்கள். போட்டுப் பார்த்துவிட்டேன். எழுத்து பெரிதானது, படங்கள் பெரிதாயின, கூடவே எல்லாம் மறுபடி இடம் மாறின. "இது குழந்தைக்கு வாங்கித்தரும் போன் மாதிரி இருக்கிறது, பழையபடியே வை" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

இணையத்தில் வாடிக்கையாளரை ஏய்க்கும் தந்திரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. திரும்பத் திரும்ப நச்சரிப்பதும் விளம்பரத்தைச் செய்தி போல மாறுவேடம் போட்டுக் காட்டுவதும் அதில் உண்டு. நல்லது. ஆனால் கைக்குப் பழகிய பொத்தானை ஒரே ராத்திரியில் நகர்த்துவது அந்தப் பதின்மூன்றில் இல்லை. வீட்டு மிக்ஸியைப் பாருங்கள். குமிழைத் திருப்பினால் 1, 2, 3. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு சட்னி அரைக்கலாம். ஒரு நாள் காலையில் 3 இருந்த இடத்தில் 1ஐ வைத்தால் சும்மா விடுவோமா? போன் என்றால் மட்டும் பழகிக்கொள்ளத் தெரியாதது நம் குற்றமாகிவிடுகிறது.

என் குற்றமும் ஒன்று இருக்கிறது. அந்த ஆகஸ்டுக்கு முன்னால் ஒரு நாள், மணி கேட்கவில்லை என்று அம்மா நாலாவது தடவையாகக் கேட்டபோது, "எத்தனை தடவை சொல்வது?" என்று கத்திவிட்டேன். பாட்டு ஒலி, பேச்சு ஒலி, மணி ஒலி, அறிவிப்பு ஒலி, அலாரம் ஒலி என்று ஒரு போனுக்கு ஐந்து ஒலி வைத்தவனை விட்டுவிட்டு, அம்மாவைக் கத்தினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. "சரிப்பா, வேலையைப் பார்" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது போன் பக்கத்தில் ஒரு பழைய டைரியைப் பார்த்தேன். நகைக்கடையில் கொடுத்தது. புரட்டினால் எல்லாம் நான் சொன்னவை. ஆபரேட்டர் காலத்து அதே சாய்வெழுத்தில், தேதி போட்டு, வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். 'அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ளவும்' என்று ஒரு வரி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதை அடித்துவிட்டு, 'வலப்பக்கம்'. அதையும் அடித்துவிட்டு, 'மறுபடி மேலே, தம்பி சரிசெய்தான்'. சில நாளில் போன் தானாகவே புதிய திரைக்குத் தாவிவிட்டது போலிருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. அதன் கீழே மூன்றாவது திருத்தமாக, மறுபடி 'வலப்பக்கம்'.

அந்தக் கடைசி வரி மட்டும் பென்சிலில் இருந்தது. அதற்குப் பின் எழுதிய பக்கங்கள் எல்லாமே பென்சில்தான். டைரிக்கு நடுவில் பாதி தேய்ந்த ரப்பர் ஒன்றும் இருந்தது.