‘அப்புறம் பார்ப்போம்’ என்றால் எப்போது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று பேர் போன் செய்து சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன். சங்கத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

தலைவர் இருபது நிமிடம் குடவோலையைப் பற்றிப் பேசினார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான், ஜனநாயகம் நம் இரத்தத்தில் ஊறியது என்றார். நானும் கை தட்டினேன். அவர் உட்கார்ந்ததும் அந்த அக்கா எழுந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், கூரை வசூலுக்கு வீடு வீடாக என்னோடு நடந்தவர். கேட்டது ஒன்றே ஒன்று: கூரைக்கு வசூலித்த பணத்தின் கணக்கு ஏன் அறிக்கையில் இல்லை? தலைவர் சொன்னார்: “அக்கா, எங்களை நீங்கதானே ஓட்டு போட்டு உட்கார வச்சீங்க? பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல மாத்துங்க. இதெல்லாம் அப்புறம் பார்ப்போம்லா.” அக்கா மறுபடி பேச வாயெடுத்தபோது மைக் நின்றிருந்தது. பின்வரிசையில் ஒருவர், சோறு ஆறுது உட்காருங்க என்றார். அவ்வளவு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன், ஆனால் தாமதமாக. அது இன்னும் உறுத்துகிறது.

ஓட்டு போட்டோமே, அப்புறம் என்ன கேள்வி என்கிறார்கள். ஓட்டு போட்டதால்தான் கேள்வி. தேர்தல் அன்று எல்லாரும் ஜனநாயகவாதிதான், வாசலில் நின்று கும்பிடுவார்கள். அதற்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஓட்டு வாங்கியவரிடம் கணக்குக் கேட்க முடிகிறதா? கேட்டவர் பயமில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர முடிகிறதா? முடியவில்லை என்றால், நாம் செய்தது கொஞ்ச நாளைக்கு ஒரு முதலாளியைத் தேர்ந்தெடுத்த வேலைதான்.

குடவோலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் பாதியில் நிறுத்தியதால். உத்திரமேரூர் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பானையில் ஓலையைப் போட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது வரை எல்லா மேடையிலும் வரும். யாருடைய பெயரைப் பானையில் போடக் கூடாது என்பதும் அதே கல்லில் இருக்கிறது. முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. கடந்த மூன்று வருடத்துக்குள் பதவியில் இருந்தவரும் நிற்க முடியாது. அந்தக் கல் நம் மண்டபச் சுவரில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் எத்தனை நாற்காலி காலியாக இருந்திருக்கும்? (அந்தக் கால நில அளவில் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கப்பலில் கூலியாக வந்த என் பூட்டன் பெயரை அந்தப் பானைக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டார்கள். பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

ஆயிரம் வருடம் எதற்கு, மலேசியாவில் நம்ம பினாங்கையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்துக்கு ஆறு வருடம் முன்பே, 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டு போட்டார்கள். 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

அந்தக் காலத்தைப் பற்றி அம்மா நிறையச் சொல்வார். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போய்விடுவாராம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசலில் காத்திருப்பார். கையெழுத்துகூடச் சரியாகப் போடத் தெரியாத மனிதர். ஆனால் ‘உனக்கு ஓட்டு போட்டவன் வந்திருக்கேன்’ என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. நான் பட்டம் வாங்கியவள். என் வட்டாரத்துக் கவுன்சிலர் யாரென்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் தேர்ந்தெடுக்கவில்லையே. மாநில அரசு நியமிக்கிறது.

இது எப்படிப் போனது? யாரும் வந்து, இனி உங்களுக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லவில்லை. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடக்கிறது, ஊராட்சித் தேர்தலை (நகர, ஊர் மன்றங்களுக்கான தேர்தலை) இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம், அப்புறம் பார்ப்போம் என்றார்கள். மோதல் 1966இலேயே முடிந்துவிட்டது. தேர்தல் வரவில்லை. இதை ஆராய ஒரு விசாரணை ஆணையம் போட்டார்கள், அதற்குத் தலைவரும் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதையும் அப்புறம் பார்ப்போம் என்று வைத்தார்கள். 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் அந்தத் தேர்தல்களையே எடுத்துவிட்டது. 2012இல் பினாங்கு மாநிலம் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்காலிகம் என்று நிறுத்தியது அறுபது வருடத்தைத் தாண்டிவிட்டது. இப்போது சொல்லுங்கள், அக்காவிடம் சொன்ன ‘அப்புறம்’ எந்த வருடத்தில் வரும்?

“சங்கக் கூட்டத்தையும் நாட்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறாயே” என்று கேட்பீர்கள். ஆமாம், ஒன்றாக்கித்தான் பேசுகிறேன். பழக்கம் அங்கேதானே வருகிறது? ஐம்பது பேர் இருக்கிற மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கணக்குக் கேட்கப் பயப்படுகிறவர் மந்திரியிடம் எதைக் கேட்கப் போகிறார்? மைக்கை நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் இப்படித்தான் கூட்டம் நடத்துவார்கள் என்று கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

“அவர்கள் உழைக்கிறார்கள், நீ குறை சொல்கிறாய்.” உழைக்கிறார்கள், மறுக்கவில்லை. கூரை போட்டது உண்மை. போன மழையில் ஒழுகவில்லை என்பதும் உண்மை. அதனால் கணக்கு வேண்டாமா?

“வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வராதே.” வீட்டுக்குள் கேட்டபோது மைக்கை நிறுத்தினீர்கள்.

இன்னொன்றை என் சொந்தத் தம்பியே சொன்னான். “அக்கா, நாட்டில் நாம ஏழு விழுக்காடுகூட இல்லை. எண்ணிக்கைதான் ஜனநாயகம்னா நமக்கு அதில் என்ன இருக்கு?” இதற்கு இரண்டு நாளாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவன் சொல்வதில் வலி இருக்கிறது. சரவாக்கில் ஈகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் குறைவான வாக்காளர்கள், சிலாங்கூரில் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல். 2022 தேர்தலில் இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். எண்ணிக்கைகூட இங்கே நேராக எண்ணப்படவில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். 1948இல் சுதந்திரம் வாங்கிய அதே வருடம், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தில், ஓட்டெடுத்துத்தான் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள் யார்? நம்மைப் போல அதே ஊர்களிலிருந்து வேறு கப்பலில் ஏறியவர்கள். அங்கே தேர்தல் நிற்கவில்லை தம்பி, தவறாமல் நடந்தது. எண்ணிக்கை குறைந்தவர்களுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமையும், பயப்படாத நீதிமன்றமும், எழுதவிடும் பத்திரிகையும் அதிகமாகத் தேவை. அதை நாமே நம் மண்டபத்தில் காலில் போட்டு மிதித்தால், வெளியே யாரிடம் போய்க் கேட்பது?

2018 மே 9, புதன்கிழமை, பொதுத் தேர்தல். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். விரலில் வைத்த மையை அம்மா பல நாள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். 61 வருடத்தில் முதல் முறையாகக் கூட்டரசில் ஆட்சி மாறியது. இரண்டு வருடம்கூட முழுதாகவில்லை, 2020 பிப்ரவரியில் ஒரு ஓட்டும் போடாமலே, கட்சித் தாவலால் அரசு கவிழ்ந்தது. அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, “அப்ப நான் போட்டது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருடம் அவசரகாலம், ஆறு மாதத்துக்கு மேல் நாடாளுமன்றமே கூடவில்லை. அங்கேயும் அதே வார்த்தைதான்: தொற்று முடியட்டும், அப்புறம். 2022இல் கட்சித் தாவலுக்கு எதிராக அரசியலமைப்பைத் திருத்தினார்கள், அது நல்லது. மக்கள் விடாமல் கேட்டதால்தான் வந்தது. அம்மா அதைப் பார்க்க இல்லை.

ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு என்னைச் சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம் அந்தச் சங்கத்துக்குப் பொங்கல் வைத்திருக்கிறேன், பாத்திரம் கழுவியிருக்கிறேன், தேர்வு வகுப்புக்குப் பிள்ளைகளை என் காரில் ஏற்றிப் போயிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் நான்கு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள்: “நீங்க சொன்னது சரிதான் அக்கா, ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.” தலைவர் மேல் வந்த கோபம்கூட ஆறிவிட்டது. இந்த நான்கு செய்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்கள் எல்லாரும் நல்லவர்கள். என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நேற்று மாலை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். தே தாரேக் போட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். யார் வீட்டில், எந்தத் தேதியில், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வாங்கினோம் என்று முதல் நாளிலிருந்து பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து வெள்ளி கொடுத்த வீடுகூட விடுபடவில்லை. “இதை நகல் எடுத்துக் கொடு பாப்பா, அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கணும்” என்றார். நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. நாற்பத்திரண்டு பக்கம். நாளை வேலை முடிந்து வரும்போது கடையில் கொடுத்துவிடுவேன்.