ஜேலன் ஹர்ட்ஸ் வீடியோவ பாதியில கட் பண்ணி ஃபார்வர்டு பண்றவங்களுக்கு

போன மாசம் ஆபீஸ் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. அப்ரைசல் லெட்டர் கைக்கு வந்த மறுநாள், எங்க டீம்ல ரெண்டு பேர் லீட் ஆயிடுவோம்னு ரெண்டு வருஷமா காத்திருந்து ஒண்ணும் நடக்காம மூஞ்சிய தொங்கப்போட்டுட்டு இருந்தாங்க, அந்த நேரம் பாத்து மேனேஜர் போட்டாரு. நம்மூர்க்காரர்தான், நல்ல மனுஷன்தான், ஆனா ஃபார்வர்டு விஷயத்துல மட்டும் கை கட்டுப்படாது. வீடியோ என்னன்னா ஜேலன் ஹர்ட்ஸ், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடற பையன். அவன பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க, மூஞ்சிய சுளிக்கல, தன் இடத்த புடிச்ச பையன ஓடிப்போய் கட்டிப்புடிச்சான், பொறுமையா இருந்தான், கடைசில சூப்பர் பவுல், அதாவது அங்க ப்ரொஃபஷனல் லீகோட ஃபைனல், ஜெயிச்சான். கீழ மூணு கும்பிடு எமோஜி.

நான் இருக்கறது ஹூஸ்டன்ல. ஹர்ட்ஸ் வளந்த சேனல்வியூ இங்கதான், கிழக்கால கப்பல் கால்வாய் பக்கம். அவன் வளர்றப்ப அவங்கப்பாதான் அந்த ஊர் ஸ்கூல் டீமுக்கு கோச்சா இருந்தாரு. பத்து வருஷமா சனிக்கிழமை ஆனா காலேஜ் ஃபுட்பால் பாக்கறவன் நான், அதனால இத சும்மா விட மனசு வரல. அந்த வீடியோ சொல்றது பாதி கதை, அதுவும் மேனேஜர்களுக்கு தோதான பாதி.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். இது நம்ம கால்பந்து இல்ல, பந்த கையில வெச்சுகிட்டு ஓடறது, வீசறது. நாலு வாய்ப்புக்குள்ள 10 யார்டு முன்னேறணும், முன்னேறினா இன்னொரு நாலு வாய்ப்பு, இல்லன்னா பந்து எதிராளிக்கு. அனேகமா ஒவ்வொரு தடவையும் பந்து முதல்ல போறது குவார்ட்டர்பேக் கைக்கு, வீசறதா குடுக்கறதா தானே ஓடறதான்னு ரெண்டு மூணு செகண்டுல அவன் முடிவு பண்ணணும். வீசற பந்த புடிக்கற ரிசீவர் டீமுக்கு பத்து பேர் கூட இருக்கலாம், ஆனா ஆடற குவார்ட்டர்பேக் ஒருத்தன்தான். முதல் ஆளுக்கு அடிபட்டாதான் ரெண்டாவது ஆளுக்கு வேலை. பெஞ்ச்னா அங்க அவ்வளவு கொடுமை.

2016-ல அலபாமா காலேஜ் டீமுக்கு வந்தான் ஹர்ட்ஸ், அந்த சீசன் ஆரம்பிக்கறப்ப வயசு 18. முதல் மேட்ச்ல உள்ள இறக்கி விட்டாங்க, வாங்கின முதல் பந்தையே கீழ விட்டான். அதுக்கப்புறம் அதே மேட்ச்ல நாலு டச்டவுன் (எதிராளியோட கடைசி கோட்டுக்கு அப்பால பந்த கொண்டுபோய் சேத்து பாயின்ட் எடுக்கறது), ரெண்டு வீசி ரெண்டு ஓடி. எதிர்ல ஆடினது யுஎஸ்சின்னு ஒரு கலிஃபோர்னியா காலேஜ், 52-6-னு அலபாமா ஜெயிச்சுது. அடுத்த வாரத்துலருந்து அவன்தான் ஸ்டார்ட்டர், அதாவது மேட்ச ஆரம்பிச்சு ஆடற குவார்ட்டர்பேக், காலேஜுக்குள்ள நுழைஞ்ச முதல் வருஷத்துலயே அலபாமாவுக்கு ஒரு குவார்ட்டர்பேக் ஸ்டார்ட் பண்றது 32 வருஷத்துல அதான் முதல் தடவை. ரெண்டு சீசன் ஆடினான், ஸ்டார்ட் பண்ண மேட்ச்ல தோத்தது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு கிளெம்சன் காலேஜோட ஆடின சாம்பியன்ஷிப் ஃபைனல், ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப இவன் 30 யார்டு ஓடி டச்டவுன் போட்டு முன்னாடி கொண்டு வந்தான், ஒரு செகண்டு மிச்சம் இருக்கறப்ப கிளெம்சன் டச்டவுன் அடிச்சு ஜெயிச்சுட்டாங்க. அந்த ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஆஃபென்ஸ் (பந்து நம்ம கையில இருக்கறப்ப ஆடற பக்கம்) கோச் லேன் கிஃபின அனுப்பிட்டு ஸ்டீவ் சார்க்கிசியன கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் பிரையன் டேபால், அதுக்கடுத்து மைக் லாக்ஸ்லி. வருஷத்துக்கு ஒரு வாத்தியார் மாறினா எந்த பையன் உருப்படியா பாடம் படிப்பான்? இத எந்த மோட்டிவேஷன் வீடியோவும் சொல்லாது.

2018 ஜனவரி 8, அட்லாண்டா, மறுபடியும் ஃபைனல், ஜார்ஜியாவோட. முதல் பாதில ஹர்ட்ஸ் 8 தடவை வீசி 3 மட்டும்தான் போய் சேந்துச்சு, மொத்தமே 21 யார்டு. ஹாஃப் டைம்ல ஜார்ஜியா 13-0 முன்னாடி. கோச் நிக் சேபன் அவன உக்கார வெச்சுட்டு டுவா டகோவைலோவாவ இறக்கினாரு, முதல் வருஷ பையன். அது சரியான முடிவு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஹர்ட்ஸுக்கு அன்னிக்கு பந்து போகல. ஓவர்டைம்ல டுவா முதல் வாய்ப்புலயே மாட்டிகிட்டு 16 யார்டு பின்னாடி போயிட்டான், அடுத்த பந்து 41 யார்டு தள்ளி இடது பக்கம் ஓடின டிவான்டா ஸ்மித் கையில விழுந்துச்சு. 26-23, அலபாமா ஜெயிச்சுது. டிவில ஹர்ட்ஸ காட்டினாங்க. ஹெல்மெட் இல்ல, யாருக்கும் முன்னாடி இவன்தான் குதிக்கறான். பொய்யா குதிக்கற மூஞ்சி இல்ல அது, நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன். அத நானும் மதிக்கறேன்.

இங்கதான் வீடியோ ஃபேட் ஆகி நேரா சூப்பர் பவுலுக்கு தாவிடுது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

அந்த ஏப்ரல்ல அவங்கப்பா ஓப்பனா சொன்னாரு, பையனுக்கு இடம் கிடைக்கலன்னா வேற காலேஜுக்கு போவான், காலேஜ் ஃபுட்பால் வரலாற்றுலயே அவன மாதிரி ஒரு ஆள் சந்தைக்கு வந்திருக்க மாட்டான்னு. ஆகஸ்ட்ல ஹர்ட்ஸே ரிப்போர்ட்டர்ங்ககிட்ட போட்டு உடைச்சான், இத்தன மாசமா கோச்சுங்க யாரும் உனக்கு எப்படி இருக்குன்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கல, என்னைப் பத்தின கதைய அவங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னு. இதுவா வாய மூடிகிட்டு பொறுமையா இருக்கறது? இருபது வயசு பக்கத்துல இருக்கற பையன், நாட்டுலயே பெரிய கோச்ச வெச்சுகிட்டு அப்படி பேசினான். எங்க ஆபீஸ்ல ஸ்கிப் லெவல் மீட்டிங்ல, அதாவது மேனேஜரோட மேனேஜர்கிட்ட பேசற மீட்டிங்ல, யாராவது அப்படி பேசினா அடுத்த குவார்ட்டர்ல பேட்ஜ் வேலை செய்யாது.

அப்புறம் ஏன் போகலன்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. அப்போ இருந்த ரூல்படி டிகிரி முடிக்காம காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். 2018 ஜனவரில கிளம்பியிருந்தா அந்த சீசன் முழுக்க புது ஊர்ல கைய கட்டிகிட்டு உக்காந்து 2019-லதான் ஆட முடியும். டிகிரிய முடிச்சுட்டா அந்த காத்திருப்பு கிடையாது, போன அன்னிக்கே ஆடலாம். அவன் மூணே வருஷத்துல, 2018 டிசம்பர்ல, டிகிரிய வாங்கிட்டான். ஆக எந்தப் பக்கம் போனாலும் வந்து நிக்கற இடம் 2019தான், ஆனா அலபாமாலயே இருந்தா நடுவுல ஒரு வருஷம் நல்ல கோச்சிங், கையில ஒரு பட்டம், அப்பப்ப கொஞ்சம் ஆட்டமும் கிடைக்கும். இத பொறுமைன்னு சொல்றதா புத்திசாலித்தனம்னு சொல்றதா? நான் ரெண்டாவதுதான் சொல்வேன், அதுல ஒரு தப்பும் இல்ல.

கொஞ்சம் விட்டுக்கொடுத்தான்னும் சொல்லணும். அந்த வருஷம்தான் புது ரூல் வந்துச்சு, நாலு மேட்சுக்கு மேல ஆடலன்னா காலேஜ்ல ஆட அனுமதிச்ச வருஷக் கணக்குல அந்த வருஷம் வராது, பின்னாடி ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா ஆடலாம். இதே மாதிரி கிளெம்சன்ல இடம் போன கெல்லி பிரையன்ட் நாலாவது மேட்சோட மூட்டைய கட்டிட்டான், நிறைய பேர் அவன துரோகின்னு திட்டினாங்க, எனக்கு அப்படி தோணல, அவனோட கணக்கு அவனுக்கு. அதே வாரக் கடைசில ஹர்ட்ஸ் அந்த எக்ஸ்ட்ரா வருஷத்த விட்டுட்டு அஞ்சாவது மேட்சுக்கு உள்ள வந்தான், ஸ்டேடியமே எந்திரிச்சு கை தட்டுச்சு.

டிசம்பர் 1, அதே அட்லாண்டா, அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. டுவாவுக்கு கணுக்கால் போச்சு, 28-21 பின்னாடி, கடைசி குவார்ட்டர். ஹர்ட்ஸ் வந்தான். தப்பிச்சு தப்பிச்சு ஓடி ஜெர்ரி ஜூடிக்கு ஒண்ணு வீசி சமன். ஒரு நிமிஷம் 4 செகண்டு மிச்சம், 15 யார்டுலருந்து தானே எடுத்துகிட்டு ஓடினான். அந்த ஓட்டத்துல ஒரு தயக்கம் கிடையாது, நடுவுல ஒரு இடைவெளி தெரியுது, தோள உள்ள நுழைக்கறான், கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டான். 35-28. மேட்ச் முடிஞ்சு பேசறப்ப சேபனுக்கு தொண்டை அடைச்சுது, அந்த மனுஷன் அப்படி நின்னு நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. (அதே மேட்ச்ல பண்ட் பண்ற (பந்த உதைச்சு தூரமா அனுப்பற) மாதிரி காட்டி ஏமாத்தப் பாத்து மாட்டிகிட்ட ஜார்ஜியா பையன் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், அவனும் பெஞ்ச் குவார்ட்டர்பேக்தான். அவனும் அந்த சீசனோட ஒஹாயோ ஸ்டேட்டுக்கு கிளம்பிட்டான்.)

சரி, அவ்வளவு கைதட்டலுக்கு அப்புறம் ஹர்ட்ஸ் என்ன பண்ணான்? கிளம்பிட்டான் சார். 2019 ஜனவரில ஓக்லஹோமா போயிட்டான். அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடிதான் அலபாமா அதே ஓக்லஹோமாவ தோக்கடிச்சிருந்துச்சு. போன இடமும் சும்மா கிடைச்ச இடம் இல்ல, அங்க கோச் லிங்கன் ரைலிகிட்ட ஆடின முந்தின ரெண்டு குவார்ட்டர்பேக்கும், பேக்கர் மேஃபீல்டும் கைலர் மரேயும், வேற காலேஜ்லருந்து மாறி வந்தவங்க, ரெண்டு பேரும் ஹைஸ்மன் டிராபி (அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்கு குடுக்கறது) வாங்கி, என்எஃப்எல்னு சொல்ற ப்ரொஃபஷனல் லீக் டீமுங்க காலேஜ் பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல முதல் ஆளா போனவங்க. ஹர்ட்ஸ் அந்த ஒரு சீசன்ல 3,851 யார்டு வீசினான், 1,298 யார்டு ஓடினான், வீசினதும் ஓடினதுமா 52 டச்டவுன். 2017-ல நூறு வீசினா அறுபது போய் சேந்தது இப்ப கிட்டத்தட்ட எழுபது. ஹைஸ்மன்ல ரெண்டாவது இடம், முதல்ல வந்தது ஜோ பர்ரோ, அவனும் ஒஹாயோ ஸ்டேட்ல இடம் கிடைக்காம எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) போனவன்தான். அதே பர்ரோகிட்ட பிளேஆஃப்ல 63-28-னு செம அடி வாங்கினான், அதுவும் அதே அட்லாண்டா ஸ்டேடியத்துல. அந்த ஊருக்கும் அவனுக்கும் என்ன ராசியோ.

இத்தனையும் ஸ்காலர்ஷிப்ல, சம்பளம் கிடையாது. பிளேயருங்க தங்களோட பேர வெச்சு காசு பாக்கலாம்னு ரூல் வந்தது 2021 ஜூலைலதான். இப்பல்லாம் வருஷா வருஷம் மாறறாங்க, உடனே ஆடறாங்க, கோடிக்கணக்குல வாங்கறாங்க, அத பாத்துட்டு ஹர்ட்ஸ் காலம் மாதிரி வருமான்னு புலம்பறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, கோச்சுங்க மட்டும் என்ன, ஒரே ஊர்ல வேர் விட்டா உக்காந்திருக்காங்க? அந்த லிங்கன் ரைலியே ரெண்டு வருஷத்துல யுஎஸ்சி போயிட்டாரு.

மத்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2020 டிராஃப்ட்ல 53-வது ஆளா ஃபிலடெல்ஃபியா டீம் எடுத்துச்சு, அங்கயும் முதல்ல பெஞ்ச். 2025 பிப்ரவரில சூப்பர் பவுல் 40-22, எம்விபி, அதாவது அந்த மேட்சோட சிறந்த ஆட்டக்காரன், அவன்தான். அந்த மேட்ச்ல மூணாவது குவார்ட்டர்ல ஒரு பந்த நீளமா தூக்கிப் போட்டான், 46 யார்டு, டச்டவுன். புடிச்சது யார் தெரியுமா, டிவான்டா ஸ்மித். ஏழு வருஷம் முன்னாடி இவன் ஓரமா நின்னு பாத்தப்ப டுவா வீசினத புடிச்ச அதே ஆளு.

குரூப்ல நான் ஒரே ஒரு வரி போட்டேன், "சார், இவன் அடுத்த வருஷமே டீம் மாறிட்டான்." ரெண்டு நீல டிக் வந்துச்சு. லீட் கிடைக்காத ரெண்டு பேர்ல ஒருத்தன் மட்டும் தனியா மெசேஜ் பண்ணான், அந்த ஓக்லஹோமா சீசன் எங்க பாக்கலாம்னு. லிங்க் அனுப்பி வெச்சிருக்கேன்.