அந்தச் சின்னப் பெட்டிக்கு என் மவுஸ் மேல் என்ன உரிமை?

ஐந்து பட்டை. வெறும் ஐந்தே பட்டை. நான் செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆட்டம் முடிந்ததும் ஐந்து சுற்றின் மதிப்பெண்ணும் பட்டைகளாகத் தெரியணும், பட்டை மேல் மவுஸை வைத்தால் எண் வரணும். இதற்கு ஒரு ராத்திரியே போய்விட்டது.

விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ இன்ஜினில் பட்டன் இருக்கிறது, நிறம் தேர்ந்தெடுக்கும் கலர் பிக்கர்கூட இருக்கிறது. பட்டைப்படம் போடும் பார் சார்ட் கிடையாது! ‘கிராஃப்’ என்று தேடினால் பெட்டிகளை ஒயரால் இணைக்கும் கிராஃப் எடிட் வந்து நிற்கும். சரி, செவ்வகம் வரையும் டிரா ரெக்ட் கட்டளையை வைத்து நாமே வரையலாம் என்று உட்கார்ந்தால், ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகிறது. பட்டையெல்லாம் வௌவால் மாதிரி மேலிருந்து தொங்கின. நிமிர்த்தினேன். நிறத்தை மாற்றினால் திரையில் மாறவில்லை. க்யூ ரீடிரா என்று கூப்பிட்டால்தான் மறுபடி வரையுமாம். பழைய பாடங்களிலெல்லாம் அதற்கு அப்டேட் என்று இருக்கும். 2023-ல் வந்த 4-ம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அந்த எண் பெட்டிதான். ஒரு கலர் ரெக்ட், அதாவது நிறம் பூசிய செவ்வகம்; அதற்குள் எண்ணைக் காட்ட ஒரு லேபிள். மூன்றாவது பட்டை மேல் மவுஸை வைத்தேன். பெட்டி வந்தது. மறைந்தது. ஒரு மயிரிழை நகர்த்தினேன். வந்தது, மறைந்தது. ஃபியூஸ் போகப்போகிற டியூப்லைட் மாதிரி துடிக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. கணக்கைச் சரிபார்த்தேன், மவுஸ் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் சொல்லும் சிக்னலைக் கழற்றி மாட்டினேன், பட்டைகளை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அப்படியே மூன்று மணி நேரம்.

காரணம் என்ன தெரியுமா? பெட்டி மவுஸுக்கு அடியில் வந்ததும் மவுஸை அதுவே பிடித்துக்கொள்கிறது. மவுஸ் வெளியே போய்விட்டது என்று சார்ட் நினைத்துப் பெட்டியை மறைக்கிறது. பெட்டி மறைந்ததும் மவுஸ் உள்ளே வந்துவிட்டது என்று மறுபடி காட்டுகிறது. மவுஸைத் தடுப்பதா விடுவதா என்று சொல்லும் அமைப்புக்கு மவுஸ் ஃபில்டர் என்று பெயர். கலர் ரெக்டில் அது இயல்பாகவே ஸ்டாப், அதாவது தடு. அதை இக்னோர், அதாவது கண்டுகொள்ளாதே என்று ஆக்கினேன். ஒரே வரி, தீர்ந்தது.

நிறம் பூசுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு செவ்வகம் எதற்காக மவுஸைத் தடுக்கணும்? கேட்டால் ஆவணத்தில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் துடிக்கிற பெட்டியைப் பார்த்து ‘மவுஸ் ஃபில்டர்’ என்று தேட யாருக்குத் தோன்றும்?

இப்போது மணி இரண்டு. எதிர்வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ இவர்களுக்கு!