சபை ஏன் வாய் மூடிக்கொண்டது?

ஆராதனைப் பாடல்களைப் பற்றி வயதானவர்கள் பேச ஆரம்பித்தாலே, "பெருசுகளுக்கு டிரம்ஸ் பிடிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வயதில் பலருக்கு இருக்கும் குறை வேறு. மேடையில் ஏழு பேர் பாடுகிறார்கள், கீழே முந்நூறு பேர் நின்று பார்க்கிறார்கள். நம்பாதவர்கள் அடுத்த ஞாயிறு மூன்றாவது பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்து வரிசை வரிசையாக உதடுகளைக் கவனியுங்கள். பாதிப் பேர் பாடினாலே உங்கள் சபை தேவலாம்.

பாட்டுச் சண்டை சபைக்குப் புதிதல்ல. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், மேடையேறி ஏட்டைப் பார்த்துப் பாடும் நியமனப் பாடகரைத் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று தன் 15ஆம் விதியில் எழுதி வைத்தது. 1524இல் லூத்தரின் சீர்திருத்தம், எட்டே பாடல்கள் கொண்ட ஒரு சிறு அச்சுப் புத்தகத்தைச் சபையார் கையில் கொடுத்து அந்த வாயை மறுபடி திறந்துவிட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, இன்னொரு சீர்திருத்த நகரமான சூரிச்சில், பெரிய ஆலயத்து ஆர்கனையே அகற்றினார்கள். 1707இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸின் பாடல் தொகுப்பு வந்தபோது, வேதாகமத்தின் சங்கீதங்களை மட்டுமே பாட வேண்டும் என்றிருந்தவர்களுக்கு அது துணிகரமாகத் தெரிந்தது. அதே பாடல்களைத்தான் இன்று நாங்கள் "பாரம்பரியம்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு காக்கிறோம்! 1903இல் போப் பத்தாம் பயஸ் ஆலயத்தில் பியானோவையும் டிரம்ஸையும் தடை செய்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனை உயர்வாக மதித்தபடியே, தகுதியான மற்ற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை இன்றும் கருவியே இல்லாமல் பாடுகின்றன.

ஆகவே கருவியை வைத்து வழக்காடினால் இரு தரப்புக்கும் சாட்சி கிடைக்கும், தீர்ப்பு கிடைக்காது. சபை பாடுகிறதா, பாடவில்லை என்றால் எது தடுக்கிறது? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் திருத்தக்கூடிய காரணங்களே அகப்படுகின்றன.

முதல் குற்றவாளி ஸ்கேல், அதாவது பாட்டை எந்த ஸ்ருதியில் வைத்துப் பாடுகிறோம் என்பது. பயிற்சி இல்லாத பெண்குரல் வசதியாகப் பாடும் எல்லை, நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி மேல் சி-யைத் தாண்டி டி வரை. ஆண்களுக்கு அதே எல்லை ஒரு ஸ்தாயி கீழே. இசைத்தட்டில் பாடியவரோ பெரும்பாலும் உச்ச ஸ்தாயியில் கலங்காத தொழில்முறைக் குரல்காரர். அவருடைய ஸ்கேலை அப்படியே எடுத்துப் பாடினால், ஆண்கள் பல்லவியில் கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறார்கள். பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே போனால் கீச்சிடுகிறது, கீழே வந்தால் குரலே எழும்பவில்லை. இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு மூன்றாவது வாரம் பேசாமல் நின்றுவிடுகிறார்கள்.

திருத்துவது எளிது. பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரத்தைக் கண்டுபிடித்து அதை டி-க்குக் கொண்டுவாருங்கள். பி ஸ்கேல் பாட்டில் உச்சம் எஃப் ஷார்ப் என்றால் நான்கு அரைஸ்வரம் இறக்கி ஜி-யில் வையுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் 4. கிட்டார்காரர் ஜி கார்டுகளையே நேராகப் பிடிக்க வேண்டும். கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) ஸ்ருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. இப்படி இறக்கிய பிறகு அடி ஸ்வரம் ஏ-க்கும் கீழே விழுந்தால், அந்தப் பாட்டின் வீச்சே சபைக்கு அதிகம். அதைத் தனிப்பாடலாக ஒருவர் பாடட்டும், சபையார் உட்கார்ந்து கேட்கட்டும். அதில் தவறொன்றும் இல்லை.

சரணத்தைக் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டுப் பல்லவியில் திடீரென்று ஒரு ஸ்தாயி தாவுவது இன்னொரு வழக்கம். இசைத்தட்டில் கேட்க மயிர்க்கூச்செறியும். சபையில் அந்த இடத்தில் பாட்டு அறுந்துவிடுகிறது. பாடுபவர் கடைசிவரை ஒரே ஸ்தாயியில் நின்றால் போதும், உணர்ச்சியைக் கருவிகள் ஏற்றிக்கொள்ளும். வயதானவர்களுக்கு இந்தத் தாவல் இன்னும் கடினம். பெண்களின் குரல் மாதவிடாய் நின்றபின் தடிக்கிறது. ஆண்களின் குரல் முதுமையில் மெலிகிறது. மூச்சு எல்லாருக்கும் குறுகுகிறது. எட்டு தாளத்துக்கு இழுத்து நிறுத்தும் வரியில் பாதியிலேயே மூச்சு தீர்ந்தவர், அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்களையும் சேர்த்தே இழக்கிறார்.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆர்கனிஸ்டுகளில் சிலர் ஒவ்வொரு வரி முடிவிலும் இழுத்து இழுத்து ஐந்து சரணப் பாட்டைத் தூக்கப் பாட்டாக்கினார்கள். கொயர் நான்கு குரலில் பாட, சபை சும்மா இருந்ததும் உண்டு. பாடும் முறை பற்றி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் அச்சிட்ட குறிப்புகளில், எல்லாரும் பாடுங்கள், கத்தாதீர்கள், தாளத்தை விட்டு இழுக்காதீர்கள் என்று இருக்கிறது. அப்போதும் இழுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அடுத்தது மெட்டுகளின் எண்ணிக்கை. பழைய ஆங்கில, ஜெர்மன் ஞானப்பாட்டுகள் அசைக் கணக்கில் கட்டப்பட்டவை. 8, 6, 8, 6 என்ற கணக்குள்ள ஒரு மெட்டு தெரிந்தால் அதே கணக்கில் எழுதிய நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடலாம். புத்தகத்தின் பின்பக்கம் இதற்கென்றே அட்டவணை இருக்கும். நாற்பது மெட்டு தெரிந்த சபைக்கு ஆண்டு முழுக்கப் பஞ்சமில்லை. புதிய பாடல்களில் ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு, தனி பிரிட்ஜ் (பல்லவியும் சரணமும் அல்லாத இடைப்பகுதி), தாளத்துக்கு முன்னும் பின்னும் விழும் சொற்கள். அது குறையல்ல, ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் சபை புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு நான்கு புதுப் பாட்டு இறக்கினால் ஒன்றுகூட நிற்காது.

கணக்குப் போடுங்கள். ஞாயிறுக்கு நான்கு பாட்டு என்றால் ஆண்டுக்கு 208 இடம். சபையின் பட்டியலில் 60 பாட்டு இருந்தால் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவை வரும். மனதில் நிற்க அதுதான் அடிமட்டம். பட்டியலில் 150 இருந்தால் ஒரு பாட்டு மறுபடி வருவதற்குள் மறந்துபோகும். மாதம் ஒரு புதுப் பாட்டு போதும். முதல் வாரம் ஆராதனை தொடங்குமுன் குழு ஒரு முறை பாடிக் காட்டி, பல்லவியை மட்டும் சபையோடு பாடட்டும். அடுத்த இரண்டு வாரம் முழுவதும் பாடுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் பாடுங்கள். அப்போதும் சபை தடுமாறினால் பாட்டைக் கைவிடுங்கள், யார் எழுதியிருந்தாலும் சரி.

சத்தம். இதைச் சொன்னால்தான் அதிகம் திட்டு விழுகிறது, அதனால் எண்களிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காதுக்கு வகுத்த எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். செல்போனில் டெசிபல் செயலியை இறக்கி, நடு வரிசையிலும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே முதல் வரிசையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். செல்போன் அளவு துல்லியமாக இருக்காது என்றாலும் 88க்கும் 98க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

சத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால்தான் எங்கே குறைப்பது என்று தெரியும். சிறிய கூடத்தில் டிரம்ஸ் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும். அதற்கு மேலே தன் குரல் கேட்கவில்லை என்று பாடுபவர் மானிட்டரை (மேடையில் இருப்பவர்களை நோக்கி வைத்த ஸ்பீக்கர்) ஏற்றச் சொல்வார். மேடையில் மானிட்டர் இரைச்சல் ஏறியதும், கீழே சொல் தெளிய மிக்சரில் இருப்பவர் மெயின் ஸ்பீக்கரை ஏற்றுவார். கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆகவே மிக்சரில் இருக்கும் பையனிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. டிரம்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கனமான குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிக்கட்டு, தரை மானிட்டருக்குப் பதில் காதுக்குள் வைக்கும் மானிட்டர். கண்ணாடித் தடுப்பு வைத்தால் பின்சுவரில் ஒலியுறிஞ்சும் பலகையும் வேண்டும். இல்லையென்றால் சத்தம் தடுப்பில் மோதி, பின்சுவரில் மோதி, மேலேறிக் கூடத்துக்கே வந்து சேரும்.

காது வலிப்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் இழப்பு, பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்காமல் போவதுதான். மனிதர் கூட்டமாகப் பாடுவது மற்றவர் குரலைக் கேட்டுத்தான். பழைய கல் ஆலயங்களில் ஒரு ஒலி அடங்கச் சில நொடிகள் ஆகும். அந்த முழக்கத்தில் உங்கள் கரகரத்த குரலும் மற்றவர்களோடு கலந்து அழகாகிவிடும். (அதே கூடத்தில் டிரம்ஸ் வைத்தால் ஒவ்வோர் அடியும் முந்தையதன் மேல் விழுந்து கூழாகும்.) கம்பளமும் மெத்தை நாற்காலியும் போட்ட புதிய கூடம் ஒலியை விழுங்கிவிடுகிறது. அங்கே பாடுபவருக்குக் கேட்பது ஸ்பீக்கரும் தன் தனிக் குரலும் மட்டுமே, கூச்சம் வராமல் என்ன செய்யும்? சோதிக்க ஒரு வழி: ஏதாவது ஒரு சரணத்தில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிடுங்கள். சபையின் பாட்டு தானாகத் தொடர்ந்தால் எல்லாம் சரி. அமைதி விழுந்தால், இத்தனை நாளும் பாடியது ஸ்பீக்கர்தான்.

முதுமையில் முதலில் போவது மேல்ஸ்வரக் கேள்வி. க், ச், த் போன்ற மெய்களின் கூர்மை அதில்தான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. மெல்லிய ஒலி கேட்காத அதே காதில் பெரிய ஒலி வலிக்கும். "கேட்கவில்லை" என்றவர் பத்து நிமிடத்தில் "சத்தத்தைக் குறை" என்பது இதனால்தான், முரண்டு அல்ல. தரையில் செப்புக் கம்பி பதித்து மிக்சரோடு இணைக்கும் இண்டக்ஷன் லூப் அமைத்தால், டெலிகாயில் (லூப்பின் சைகையை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) உள்ள காதுக்கருவிக்குப் பிரசங்கம் நேரடியாகப் போய்ச் சேரும்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. வரி முடிந்தபின் ஸ்லைடை மாற்றினால் அடுத்த வரியின் முதல் சொல் போய்விடும். கடைசி இரண்டு சொல் இருக்கும்போதே மாற்ற வேண்டும். எழுத்துக்குப் பின்னால் அலையும் மேகமும் ஓட வேண்டாம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது, ஆகவே விளக்கை அணைத்த கூடத்தில் வேதப் புத்தகம் எங்களுக்கு வெறும் கறுப்பு. 18 புள்ளி எழுத்தில் பத்துப் பிரதி அச்சிட்டு வாசலில் வையுங்கள். அரை மணி நேரம் நிற்கும் பாடல் வேளையில் "உட்கார விரும்புகிறவர்கள் உட்காரலாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர் தன்னை விசுவாசக் குறைவுள்ளவராக எண்ண வேண்டியதில்லை.

பாட்டின் பொருளில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியல் இல்லை. வாரம்தோறும் நாம் பாடும் பட்டியலை எடுத்து, அழுகிறவன் பாடக்கூடியது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். போன வாரம் துணையைப் புதைத்தவர் இந்த வாரம் கைதட்டித் துள்ள முடியாது. பழைய முறைமையில் பாவ அறிக்கையும் நீண்ட மன்றாட்டும் இருந்ததால் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. பாடல் நேரம் கூடக் கூட முதலில் வெட்டப்பட்டது மன்றாட்டு, அடுத்து வேதவாசிப்பு. நான்கு பாடலில் ஒன்றாவது மெதுவான, துக்கம் தாங்கும் பாடலாக இருக்கட்டும்.

உடை விஷயத்தில் எங்கள் வயதுக்காரர்கள் கொஞ்சம் வாயை அடக்கலாம் என்பது என் கருத்து. 1 கொரிந்தியர் 11ஐ வைத்து முக்காட்டுக்கு வாதாடுகிறவர்கள், யாக்கோபு 2இல் பொன்மோதிரக்காரனுக்கு முன் இருக்கையும் கந்தைக்காரனுக்குக் காலடியும் கொடுத்ததைக் கண்டிக்கும் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1 தீமோத்தேயு 2 கண்டிப்பது பொன்னையும் விலையுயர்ந்த வஸ்திரத்தையும். எங்கள் காலத்து "ஞாயிற்றுக்கிழமை உடுப்பு" அதில் எத்தனை தடவை மாட்டியிருக்கும்? கத்தோலிக்கச் சபையின் 1917 சட்டத் தொகுப்பில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற விதி இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. புதிதாக வந்தவரிடம் உடை பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது, பார்வையால்கூட. மேடையில் நிற்பவர்களுக்கு மட்டும் ஒழுங்கு வைக்கலாம், அதுவும் நடைமுறைக் காரணத்தோடு. மேடை மூன்றடி உயரம் என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மேடையில் நிற்பவரின் முழங்காலுக்கும் கீழே இருக்கிறது, ஆகவே உடை முழங்காலைத் தாண்டி இறங்கட்டும். மார்பில் பெரிய எழுத்து இருந்தால் கேமரா அதையே காட்டும். வளையலும் சங்கிலியும் மைக்கில் உரசும். இந்த ஒழுங்கு ஆண், பெண் இரு பாலருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் பட்டியல் நீண்டால் அது ஒழுக்கம் பற்றியதே அல்ல.

கடைசியாக, பல சபைகள் கண்டுபிடித்திருக்கும் சமரசம்: காலை 7 மணிக்குப் பழைய முறை, 10 மணிக்குப் புதிய முறை. முதல் ஆண்டு எல்லாருக்கும் நிம்மதி. பிறகு 7 மணிக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு மூப்படைந்து சுருங்குகிறது, 10 மணிக் கூட்டத்தில் ஒரு பிள்ளையும் கிழவரின் பேஸ் குரலைக் கேட்காமல் வளர்கிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், மாதம் ஒரு ஞாயிறு, திருவிருந்து நாளிலாவது, இரு கூட்டத்தையும் சேர்த்து வையுங்கள். அன்று பாடல் பட்டியலை இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து போடட்டும். ஸ்கேலைக் கொயரின் ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) ஒருவர் பாடிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு முடிவு செய்யட்டும்.