ஓவியனுக்குக் கொடுத்தால் மட்டும் வீண் செலவா?

அந்தப் படம் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறது. எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கும் நாலு பேர் அனுப்பியிருப்பார்கள். சென்னை மேம்பாலத் தூணில் மாநகராட்சி வரையவைத்த மயில், தூணுக்குக் கீழே முழங்கால் தண்ணீர், மேலே சிவப்பு எழுத்தில் 'இதுக்குத்தான் வரி கட்டுறோமா?'. அதுவரைக்கும் சரி, நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கீழே ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார்: "கிறுக்குற பசங்களுக்குக் கொடுத்த காசுல ரெண்டு தெருவுக்குக் கால்வாய் வெட்டியிருக்கலாம்." அதற்கு லைக் போட்டவர்களில் என் நண்பர்கள் பாதிப் பேர். கிறுக்குற பசங்களில் ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

கால்வாய் கணக்கையே முதலில் பேசிவிடுவோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மழைநீர் வடிகாலுக்குப் போனது ஆயிரக்கணக்கான கோடி. கொசஸ்தலையாறு பக்கத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் பக்கத்துக்கு ஜெர்மன் வங்கிக் கடன். இவ்வளவுக்கும் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஜனங்கள் படகில்தான் வெளியே வந்தார்கள். சதுப்பு நிலத்தைச் சுற்றி வளைத்து வீடும் ஐ.டி. கம்பெனியும் கட்டியாகிவிட்டது. மிச்சத் தண்ணீர் ஒக்கியம் மடு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேயும் நெருக்கடி. இதில் மயில் எங்கே வந்தது? தூணில் மயில் இல்லாமல் வெறும் சிமென்டாக இருந்திருந்தால் தண்ணீர் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்குமா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சுவரில் வரைந்தவனுக்குக் கொடுத்த பணம் கூலி. வேலை செய்தான், கூலி வாங்கினான். கால்வாய்க்குக் கம்பி கட்டியவருக்குக் கொடுத்ததை யாரும் வீண் செலவு என்பதில்லை. கால்வாய் பாதியில் நின்று, இரண்டு துண்டும் சேராமல், எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால்கூட கம்பி கட்டியவரை யாரும் திட்டுவதில்லை. திட்டவும் கூடாது. எங்களை மட்டும் ஏனய்யா?

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூணில் முதலில் ஒட்டியிருக்கும் போஸ்டரைச் சுரண்ட வேண்டும். சினிமா போஸ்டர், அதன் கீழே கட்சி போஸ்டர், அதற்கும் கீழே கண்ணீர் அஞ்சலி. பசை காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், தண்ணீர் அடித்து ஊறவைத்துப் பட்டைத் தகட்டால் சுரண்டினால் நகக்கண்ணில் ஏறும். அப்புறம் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நூல் அடித்துக் கட்டம் போட்டு, அவுட்லைன். பாலத்துக்கு அடியில் பகலில் வண்டிகள் வேலை செய்ய விடாது என்பதால் பாதி வேலை ராத்திரியில். சாரத்தில் நிற்கும்போது பஸ் போனால் சாரம் ஆடும், கோடும் ஆடும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. மாநகராட்சி எவ்வளவுக்கு டெண்டர் விட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் கைக்கு வருவது ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே 'ஆர்டிஸ்ட் சப்ளை' செய்பவர் எல்லாரும் எடுத்ததுபோக மிச்சம். ஒரு ஒப்பந்ததாரர், பெயர் வேண்டாம், தீபாவளிக்குத் தர வேண்டியதைப் பில் பாஸாகவில்லை என்று பொங்கல் வரைக்கும் இழுத்தார். பொங்கலுக்குப் பாதிக் காசும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் வந்தது. மீதிப் பாதி இன்னும் பாஸாகிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அப்பாவும் இதே தொழில்தான். சினிமா பேனர். அண்ணா சாலையில் தியேட்டர் வாசலில் நாற்பதடிக்கு நிற்குமே, அது. முகம் போடுவது மாஸ்டர் வேலை, புதிதாக வருபவன் சட்டையும் வானமும் போட்டே வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். அப்பா முகத்துக்கு உயர்ந்த காலத்தில் பிளெக்ஸ் வந்துவிட்டது. ஒரு ராத்திரியில் அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரத்தோடு கையால் போட்டி போட முடியுமா? கடைசியில் கடை ஷட்டரிலும் வண்டி நம்பர் பலகையிலும் எழுதினார். நம்பர் பலகையிலும் அவர் போடும் எட்டு தனியாகத் தெரியும், இரண்டு வயிறும் அளவெடுத்த மாதிரி இருக்கும். தெருவில் எல்லாருக்கும் அவர் 'பெயின்டரு'தான். ஆர்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சம். அவரைப் பார்த்து யாரும் கிறுக்கன் என்று சொன்னதில்லை. அந்த மரியாதை படித்தவர்கள் முகநூலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

உடனே ஒருவர் வருவார், "அப்போ கடலுக்குள்ள பேனா வைக்கிறது சரியா?" என்று. கருணாநிதி நினைவாக 134 அடியில், 81 கோடியில் பேனா என்று அறிவித்தார்கள், நாடே சண்டை போட்டது. அது நினைவுச் சின்னம், அரசு விவகாரம், அதற்கும் தூணில் வரைபவனின் சதுர அடிக் கூலிக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் மேல் கோபம் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், நான் வேலைக்குப் போகும் இடத்தில் வந்து கேட்காதீர்கள்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது, அதைத் தட்டிவிட மாட்டேன். கண்ணகி நகர். கூவம், அடையாறு ஓரத்திலிருந்தெல்லாம் ஜனங்களைப் பெயர்த்து, 2000-லிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். அங்கே 2020-இல் மாநகராட்சியோடு சேர்ந்து, பொதுச் சுவர்களில் ஓவியம் வரையவைக்கும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் பெரிய பெரிய சுவரோவியங்கள் வரையவைத்தார்கள். தண்ணீர் வராத குடியிருப்புக்குப் பெயின்ட் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெயின்ட் தண்ணீருக்குப் பதிலாக வந்தால் அது மோசடிதான்.

ஆனால் அதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் குடிசைகளை இடித்த அன்றைக்கு ஒரு வரி எழுதினீர்கள்? 'சிட்டி சுத்தமாகுது' என்றுதானே எழுதினீர்கள்? கண்ணகி நகர் என்று முகவரி போட்டால் இன்டர்வியூவில் முகம் மாறும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் விழவில்லை. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் அந்த ஊர்ப் பெண் இருந்தார். அதற்கு அப்புறம்தான் பலருக்கு அந்தப் பெயரை முகம் சுளிக்காமல் சொல்ல வந்தது. படம் வரைந்ததால் வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் போனார்கள் என்றாவது ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போலீஸ்தான் போனது.

'கலைன்னா சரி, இது என்ன கலை, எங்க பார்த்தாலும் மயில், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு' என்பவர்களுக்கு: அதுவும் நாங்கள் முடிவு செய்வது இல்லை. கூகுளில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பி "இதே மாதிரி, ரெண்டு நாள்ல" என்பார்கள். 1850-லிருந்து எழும்பூர்ப் பக்கத்தில் ஒரு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. வருஷா வருஷம் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு 'உனக்கு என்ன தோணுது?' என்று கேட்டுவிட்டு ஒரு சுவரைக் கொடுத்துப் பாருங்கள்.

அதே கல்லூரியில் 1929-லிருந்து 1957 வரை தலைமையில் இருந்தவர்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவர். பாறையைத் தள்ளும் நாலு பேரில் கல்லூரிக் காவலாளியும் மாடலாக நின்றார் என்று சொல்வார்கள். 1959-இல் அந்தச் சிலையை வைத்தபோதும் ஊரில் சாக்கடை வசதி இல்லாத தெரு ஆயிரம் இருந்திருக்கும். சாக்கடை முடிந்ததும் சிலை வைக்கலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கே வெறும் மணல்தான். அதே 1959-இல்தான் பொது இடத்தில் போஸ்டர் ஒட்டி அசிங்கம் செய்யக் கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டமும் வந்தது. (சிலை நிற்கிறது, சட்டம் எங்கே என்று தெரியவில்லை.) அதே வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர்கள் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு என்று விதியே போட்டார்கள். இங்கே ஒரு சதவீதம் என்று வாய் திறந்தால் அடிக்க வருவீர்கள்.

இதில் உச்சக்கட்டம் என்ன தெரியுமா? அந்த மயில் படத்தை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவர் போன மாதம்தான் "தம்பி, பாப்பா பர்த்டேக்கு ஹால் சுவத்துல ஒரு மிக்கி மவுஸ் போட்டுக் குடேன், உனக்கு அரை மணி நேர வேலைதானே" என்றார். பெயின்ட் காசு கேட்டதற்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் விஷயம். உங்களுக்குப் படம் வேண்டும், காசு கொடுக்கத்தான் மனசு இல்லை. மாநகராட்சி கொடுத்தாலும் பொறுக்கவில்லை.

செலவைக் கேட்கக் கூடாது என்கிறேனா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், நான் எழுதித் தருகிறேன். தூணின் அடியில் வரைந்தவர் பெயர், டெண்டர் எடுத்தவர் பெயர், மொத்தத் தொகை, அதில் வரைந்தவருக்குப் போனது எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். நானே வந்து இலவசமாக எழுதுகிறேன், அப்பாவின் எட்டு எனக்கும் வரும். அப்படியே பக்கத்தில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்ட பள்ளத்திலும் பலகை இருக்கிறதா, அதில் தொகையும் முடிக்கும் தேதியும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். மயிலை அப்புறம் திட்டலாம்.