நிரல் கற்பனைக்குத் தடையா?
வலைத்தள வடிவமைப்பாளர் நிரல் கற்கத் தேவையில்லை, அது கற்பனைக்குக் கால்கட்டாகிவிடும் என்று இந்தக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003-இல் வலை வடிவமைப்பாளர் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில் எச்டிஎம்எல் பக்கம் (உள்ளடக்கத்தையும் அதன் கட்டமைப்பையும் சொல்லும் நிரல்) ஒன்றுதான். அதில் ஓர் எழுத்தையும் தொடாமல், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் நிரல் கோப்பையும் படங்களையும் மட்டும் மாற்றி, ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத தோற்றங்களை வடிவமைப்பாளர்கள் பலர் உருவாக்கி அனுப்பினார்கள். நிரல் தெரியாதவர் அந்த முயற்சியில் இறங்கியிருக்கவே முடியாது. கருவிகளே இப்போது நிரலை எழுதித் தந்துவிடுகின்றன என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் சொல்கிறார், தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால், நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஆங்கிலத்தில் 'லாகின்' என்று வரைந்து ஒப்புதல் வாங்கிய பக்கத்தைத் தமிழாக்கியபோது, 'உள்நுழைக' என்ற சொல் பொத்தானை மீறி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. செய்தித் தலைப்பிலோ 'கீ'யின் மேற்சுழி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது (வாடிக்கையாளர் அதை எழுத்துப்பிழை என்றே நினைத்துவிட்டார்). பொத்தானின் அகலத்தைச் சொல்லுக்கேற்ப விரியாதபடி பிக்சல் கணக்கில் பூட்டியதும், வரி உயரத்தை 1 என்று, அதாவது எழுத்தின் அளவுக்கே வைத்து, அதை மீறும் பகுதியை மறைக்கச் சொன்னதும் நிரல் தெரியாத நான்தான், எந்தக் கருவியும் அல்ல.