ஆறு வார ஸ்பானிஷ் எந்த மூலைக்கு?

மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரியாகப் போகும் பையன்களுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள புரோவோ பயிற்சி மையத்தில் ஸ்பானிஷ் கற்கக் கிடைப்பது சுமார் 6 வாரம். ஜெபமும் சாட்சியும் சரளமாக வந்துவிடும். ஆனால் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் இறங்கினால் காய்கறிக்காரர் சொல்லும் விலை பிடிபடாது! சிலிக்காரர்கள் சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள், ‘லாஸ் காசாஸ்’ (வீடுகள்) காதில் ஏறக்குறைய ‘லா காசா’ (வீடு) என்றே விழும். ஒரு வீடா, பல வீடா? வகுப்பில் இதைக் காதுக்குப் பழக்கினால் என்ன குறைந்துவிடும்?

இதைவிட எரிச்சல், கூடவே இருக்கும் துணை மிஷனரியும் அமெரிக்கராக அமைவது. துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. வாசல் தாண்டி உள்ளே வந்ததும் இங்கிலீஷ்தான். காலை 6:30-க்கு எழுந்து வினைச்சொல் அட்டவணையை உருப்போட்டால் வாய் திறக்காது. உள்ளூர்த் துணையை முதல் மாதமே கொடுங்கள், ஐயா!